பழைய ஸ்வெட்டரில் ஒரு ஜோடி சாக்ஸ்

நவம்பர் 3

மருந்துக்கடைக்காரர் இந்த டைரியை வருடப் பிறப்புக்குக் கொடுத்தார். ஊரிலேயே அதிக மாத்திரை வாங்கும் குடும்பத்துக்கு அவரால் ஆன மரியாதை. பத்து மாதமாக ஆடும் மேஜைக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததை இன்று உருவி எடுத்தேன். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, இரண்டு மாதத்துக்குப் படி ஏறக்கூடாது என்று டாக்டர் உட்கார வைத்துவிட்டார். மேஜை ஆடினால் ஆடட்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் ஆரோக்கியக் குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: ‘தினமும் நடங்கள்.’ நடந்ததால்தான் இந்தக் கதி.

கோத்தகிரியில் வீடு என்றால் ஒன்று ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். எங்களுடையது கீழே. பாசி பிடித்த படிகளில் ஏறினால்தான் கடை, கோயில், டாக்டர் எல்லாம். என்னால் ஏற முடியாது. என் வீட்டுக்காரர் ஏறலாம். ஆனால் அவரை அனுப்பினால் என்ன ஆகும் என்று போன வாரமே பார்த்தாயிற்று. புளி வாங்கப் போன மனிதர் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். புளியும் இல்லை. இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டால் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “அட, ஆமா” என்கிறார். டீ ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருடம் தூளை மோந்தே தரம் சொன்ன தண்டபாணி, தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியாமல் கடைவீதி முழுக்க நடந்திருக்கிறார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெங்களூரில் இருக்கும் மகள் இந்துஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு ரோஸ்லினிடம் சொன்னேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடித்துக் காட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே மூச்சு விடாமல் இருந்தவள் நான். இப்போது சொல்ல ஒரு கதை கிடைத்தால் விடுவேனா? இவரும் கூடவே நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 6

இந்துஜாவின் ஏற்பாடு அமலுக்கு வந்துவிட்டது. அவள் பெங்களூரில் இருந்தபடி போனில் ஆர்டர் போடுவாள். இங்கே டவுனில் இருக்கும் கடையிலிருந்து வேன்காரர் போஜன் அண்ணன் கொண்டுவந்து இறக்குவார். கேரட் விளையும் ஊருக்கு பெங்களூரிலிருந்து கேரட் ஆர்டர். முன்னேற்றம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கடைக்குப் போய் வாங்கும்போது நாம் எடுத்தது, நாம் சுமந்தது, நமக்கே அலுப்பு. பெட்டியில் வந்தால் அது வேறு. டேப்பைக் கத்தியால் கீறியதும் சோப்பும் கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கிறது. என்ன வரும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது ஒரு ஆவல். முட்டையைச் சுற்றிய பேப்பரைக்கூட நீவி மடித்து வைத்தேன். பருப்பு டப்பாவில் பருப்பு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஓட்ஸ். ஆளி விதை. சியா விதை. சர்க்கரை இல்லாத பிஸ்கட், அதாவது பிஸ்கட் இல்லாத பிஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியில், கோதுமை மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு பெரிய பாக்கெட் வர்க்கி. எங்கள் மலை பேக்கரிகளில் சுடும் மொறுமொறு பிஸ்கட், அதுவும் சீனி தூவியது.

“இது யாருங்க ஆர்டர் போட்டது?”

“கடைக்காரன் தப்பா வெச்சுட்டானாட்ட இருக்குது” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தப்பா வெச்சவன் கரெக்டா உங்களுக்குப் புடிச்ச பேக்கரியில வாங்கி வெச்சிருக்கானே?”

“நல்ல கடை” என்றார்.

சர்க்கரை வியாதிக்குப் பதினான்கு வருடமாக மாத்திரை போடுகிறவர். வர்க்கியை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டேன். அவளுடைய முகத்தில் வந்த பிரகாசத்தை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 9

மழை. கரண்ட் இல்லை. சியா விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தவளை முட்டை மாதிரி ஆகிவிட்டது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீ மொதல்ல சாப்புடு” என்றார்.

நவம்பர் 12

இப்படியே உட்கார்ந்திருந்தால் ரோஸ்லினின் மாமியாரைப் போல டிவியோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. பரணிலிருந்து பழைய துணி மூட்டையை இறக்கித் தரச் சொன்னேன். இந்துஜா கான்வென்ட்டில் போட்ட அரக்கு நிற ஸ்வெட்டர் கிடைத்தது. நானே பின்னியது. எக்ஸ்சேஞ்சில் போன் வராத நேரத்தில் பின்னிப் பின்னி, சூப்பர்வைசர் வந்தால் மேஜைக்கடியில் தள்ளி ஒளித்து முடித்தது. நல்ல கம்பளி. முழங்கையில் மட்டும் இற்றுப்போயிருக்கிறது.

பிரித்துவிட்டேன். ஒரு நுனியை இழுத்தால் மடமடவென்று வருகிறது. அதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருக்கிறது. நூலை வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.

இவருக்கு சாக்ஸ் பின்னப்போகிறேன். இந்தக் குளிரில் வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நடக்கிறார். தொட்டுப் பார்த்தால் பாதம் ஐஸ். குளிரலையா என்று கேட்டால் இல்லை என்கிறார். பெரிய வீரர்.

நவம்பர் 17

நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னுவது மறந்திருக்கும் என்று நினைத்தேன். கை மறக்கவில்லை. கணுக்கால் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பின்னலாம். குதிகாலில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்துப் போய் வந்து, போய் வந்து, சட்டென்று துணி தானாகத் திரும்பி ஒரு கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். அந்த ஒரு இடத்துக்காக எத்தனை சாக்ஸ் வேண்டுமானாலும் பின்னலாம்.

பழைய நூல் என்பதால் அங்கங்கே அறுகிறது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மேலே போகிறேன். முறைப்படி பார்த்தால் நுனிகளைப் பின்னலுக்குள்ளேயே நுழைத்து மறைக்க வேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? முடிச்சுகள் எல்லாம் உள்பக்கம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்ல குடும்பங்கள் எல்லாம் இப்படித்தானே நடக்கின்றன.

நவம்பர் 20

பெட்டி வந்தது. இந்த முறை வர்க்கி இல்லை. ரவைப் பாக்கெட்டுக்கு அடியில் ஒரு டின் மில்க்மெய்டு. “அதுவும் தப்பா வெச்சதுதானுங்களா?” என்று கேட்டேன். “அந்தக் கடைக்காரனுக்குக் கண்ணு சரியில்ல” என்றார்.

நவம்பர் 24

ஜோடி முடிந்தது! ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். அது பரவாயில்லை, பாதங்களே அப்படித்தான்.

போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். முடிச்சுகள் விரலில் தட்டுப்பட்டன. வலது காலில், சுண்டு விரலுக்கு அடியில் வரும் இடத்தில் ஒன்று மிளகு அளவுக்கு இருந்தது. இவர் போட்டுக்கொண்டதும் கேட்டேன்.

“உறுத்துதுங்களா?”

எழுந்து நாலடி நடந்து காட்டினார். “ஒண்ணுமே தெரியல புள்ள. காலுல ஒண்ணு போட்டிருக்கறதே தெரியல.”

நாற்பது வருடத்தில் நான் செய்த எதற்கும் இந்த மனிதர் இப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை. என் குழம்பையே “இருக்குது” என்பதோடு நிறுத்திக்கொள்பவர். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

நவம்பர் 30

சாக்ஸைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். தோய்க்கக் கொடுங்கள் என்றால், “காஞ்சு வர்றதுக்குள்ள பொங்கல் வந்துரும்” என்கிறார். அதுவும் உண்மைதான், இந்த மழையில் எதுவும் காயவில்லை. போஜன் அண்ணன் பெட்டியை இறக்க வந்தபோது வேட்டியைத் தூக்கி அவரிடம் காட்டுகிறார். “எங்கூட்டுல பின்னுனது. கடையில கெடைக்காது.”

போஜன் அண்ணனும், “ஆமாங்க, பெரிய வேலப்பாடுங்க” என்று குனிந்து பார்த்தார். நான் சமையலறையில் பெட்டியைப் பிரிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியில் என்ன வந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை.

டிசம்பர் 4

பெட்டியில் அழுகின முட்டைக்கோசு அனுப்பியிருக்கிறார்கள். வீடெல்லாம் ஒரு இனிப்பான அழுகல் நாற்றம். கடைக்குப் போன் போட்டு விட்டேன் ஒரு டோஸ். எங்கள் ஊர் மண்ணில் விளைந்ததை எங்களுக்கே அழுகவைத்து அனுப்ப ஒரு தனித் திறமை வேண்டும் என்றேன். முதலாளி பதறிப்போய் வேறு அனுப்புகிறேன் என்றார்.

கோசை வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைவெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் வெங்காயம். வெங்காயத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்.

“உங்களுக்கு நாத்தம் வரலீங்களா?”

“சளி புடிச்சிருக்குது. ஒண்ணும் தெரியல” என்றார். டீத்தூளில் ஈரம் இருந்தால் அடுத்த அறையிலிருந்தே சொல்லக்கூடிய மூக்கு அது. சளி என்றால் சளிதான்.

டிசம்பர் 5

புதுக் கோசு வந்தது. நாற்றம் போகவில்லை. எலி செத்திருக்கும். ரோஸ்லின் வந்து பீரோவை நகர்த்திப் பார்த்தாள். எலி இல்லை. என் காணாமல்போன மூக்குக்கண்ணாடி இருந்தது.

டிசம்பர் 7

இன்று வெயில் அடித்தது. சாக்ஸைப் பிடிவாதமாகக் கேட்டேன். இடது கால் வந்துவிட்டது. வலது கால் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நான்தான் கழற்றினேன்.

சுண்டு விரலுக்கு அடியில் எட்டணா அளவுக்குப் புண். சுற்றிலும் கறுப்பு. கோசும் வெங்காயமும் எலியும் எல்லாம் அதுதான்.

இவருக்கு வலிக்கவே இல்லை. நான் அழுததைப் பார்த்துத்தான் இவர் குனிந்து பார்த்தார். சாக்ஸை நான் சட்டென்று சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

“கல்லா இருக்கும். அன்னிக்கு வெறுங்காலோட தோட்டத்துக்குப் போனேன்” என்றார்.

கல்தான். நானும் கல் என்றே எழுதுகிறேன். சாக்ஸை பக்கெட்டில் போட்டு ஊறவைத்துவிட்டேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

டிசம்பர் 8

உள்ளூர் டாக்டர் புண்ணுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். எலும்பில் தட்டியது. உடனே கோயம்புத்தூர் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

டாக்சி எதுவும் வர மாட்டேன் என்றது. மலைப்பாதையில் எங்கோ மண் சரிந்து ஒரு பக்கம்தான் விடுகிறார்களாம். கடைசியில் போஜன் அண்ணனின் வேன்தான். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் இவரை உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். இத்தனை நாள் அந்த வேனிலிருந்து எங்கள் வீட்டுக்கு சாமான் இறங்கியது. இன்றுதான் எங்கள் வீட்டிலிருந்து ஒன்று ஏறியது.

ரோட்டுக்குப் படி ஏறும்போது எனக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டவர் இவர்தான். முழங்கால் கிழிந்தவளை, கால் அழுகியவர் இழுத்துக்கொண்டு போனார். வலிக்கவில்லை என்பதால் நன்றாகவே ஏறினார்.

டிசம்பர் 9, கோயம்புத்தூர்

இந்துஜா விடிகிற நேரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன தடவ சொன்னேன்பா? வர்க்கி, மில்க்மெய்டு, திருட்டுத்தனமா வாங்கித் தின்னா கால் என்னத்துக்கு ஆகும்? நான் அங்க இருந்து ஓட்ஸ் அனுப்பறேன், நீங்க கடைக்காரருக்குப் போன் போட்டு மாத்தறீங்க!”

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குத் தோதாக இருந்தது. வர்க்கி பாக்கெட்டைக் கோதுமை மாவுக்குப் பின்னால் ஒளித்த கதையை முழுசாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தாள். பழி எல்லாம் வர்க்கி மேல் விழுந்தது. வர்க்கிக்கு வாய் இல்லை. இவருக்கு இருந்தும் திறக்கவில்லை.

எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது. மருந்து ஏற்றுகிறார்கள். அது மேலே ஏறிவிட்டால் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு சின்ன டாக்டர், ஏதோ மரக்கிளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பர் 10

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். கையில் ஒரு நைலான் இழை, மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி. இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இழையால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

“தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க.”

“இங்க?”

“தெரியுதுங்க.”

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கையை விலக்கிக்கொண்டார். இழை பாதத்தின் பக்கத்திலேயே இல்லை. அந்தரத்தில் இருந்தது.

“இப்பத் தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுதுங்க” என்றார் இவர்.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா.”

வெளியே என்பது ஒரு பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம். முப்பது வருடம் ஒட்டுக்கேட்டுச் சம்பளம் வாங்கியவளுக்குத் திரை எல்லாம் ஒரு தடையா?

“இப்பச் சொல்லுங்க. எப்ப இருந்து தெரியல?”

கட்டிலில் இவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இவர் குரல். “ஒரு வருசத்துக்கு மேல இருக்குமுங்க. மொதல்ல மரத்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் ஒண்ணுமே இல்ல.”

“வீட்டுல சொல்லலையா?”

“எங்கூட்டுக்காரி பேச்சுல கெட்டிக்காரிங்க. ஒண்ணு சொன்னா அத வெச்சு ஊரையே சிரிக்க வெப்பா. நானுந்தான் சிரிப்பேன், நல்லாத்தான் இருக்கும். ஒத்தச் செருப்போட வந்ததுக்கே போன் போட்டுப் போட்டுச் சொன்னா. இது கொஞ்சம் பயமா இருந்துச்சுங்க. பயந்துட்டு இருக்கறப்ப சிரிக்க முடியலீங்க.”

“புண்ணு எப்படி ஆச்சு? கல்லுன்னு எழுதியிருக்காங்க.”

“சாக்ஸுல ஒரு முடிச்சுங்க. அவ கழட்டறப்பவே பாத்துட்டேன். அதுக்கு முன்னால வாசனை வந்தப்பவே எனக்குத் தெரியுமுங்க, காலுதான்னு. சாக்ஸ எப்படி கழட்டிக் குடுக்கறது? ஆசையாப் பின்னுனா. நீங்க கல்லுன்னே எழுதிக்குங்க.”

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையை விலக்கி உள்ளே போகும் தைரியம் எனக்கு வரவில்லை. ஊரையே சிரிக்க வைத்தேன், ஆமாம். என் கூடவே இருந்தவர் ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஊரார் கம்பியில் குரல் கொஞ்சம் கம்மினாலும் கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

டிசம்பர் 11

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12

நாளைக் காலை ஆபரேஷன். இரண்டு விரல் கட்டாயம். திறந்து பார்த்துவிட்டு அதற்கு மேல் சொல்வார்களாம்.

இந்துஜா காபி வாங்கி வந்து மறுபடியும் வர்க்கியை ஆரம்பித்தாள். நான் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன்.

“அப்பாவத் திட்டாத. அது கல்லும் இல்ல, வர்க்கியும் இல்ல. நான் பின்னுன சாக்ஸுல முடிச்சு. உன் ஸ்கூல் ஸ்வெட்டர்ல பின்னுனது.”

அவள் என்னையே பார்த்தாள். “உறுத்துதான்னு நீ கேட்டேன்னு சொன்னியேம்மா?”

“கேட்டேன். ஒண்ணுமே தெரியலன்னாரு. அத நான் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே? அவரு சொல்லியிருக்கணும்ல?”

“சொல்ற மாதிரி நான் வெச்சிருக்கணும்ல?”

இந்துஜா மிச்சக் காபியை என் டம்ளரில் ஊற்றினாள். அவள் அழும்போது என்னைப் போலவே மூக்குதான் முதலில் சிவக்கிறது. சர்க்கரையும் ஒரு காரணம்தான் என்று டாக்டரம்மா சொன்னதை அவளுக்குச் சொன்னேன், அதையும் மறைப்பதாக இல்லை. ஆனால் வர்க்கி இனி தனியாகப் பழி சுமக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 13

தள்ளுவண்டியில் ஏற்றியபிறகு ஐந்து நிமிடம் எங்களைத் தனியாக விட்டார்கள். பச்சைத் தொப்பியில் இவர் ஹோட்டல் சமையல்காரர் மாதிரி இருந்தார். அதைச் சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன்.

“அது கல்லில்லீங்க” என்றேன்.

“கல்லுதான்.”

“முடிச்சு.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “ஒட்டுக்கேட்டயா?”

“முப்பது வருச சர்வீஸ்.”

வயிறு குலுங்கச் சிரித்தார். வண்டி தள்ளுகிற பெண் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன்: “இனிமே கால் விசயத்துல ஒரு வார்த்த கேலி பேச மாட்டேன்.”

“மத்ததுக்கெல்லாம் பேசு” என்றார். “இல்லீன்னா வூடு வூடாட்டவே இருக்காது.”

என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பயமா இருக்குதுங்களா என்று கேட்டேன். “இருக்குது புள்ள” என்றார். நாற்பது வருடத்தில் இதை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். பிறகு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு விரலை எடுத்ததோடு நின்றது. பாதம் இருக்கிறது. டாக்டரம்மா வந்து சொன்னபோது நான் அவர் காலில் விழப்போய், முழங்கால் மடங்காமல், பாதியிலேயே நின்றுவிட்டேன். அவர்தான் பிடித்துத் தூக்கினார்.

டிசம்பர் 23, வீடு

வந்துவிட்டோம். படியில் நாற்காலியோடு இவரைத் தூக்கி இறக்கியது போஜன் அண்ணனும் ரோஸ்லின் வீட்டுக்காரரும். ராஜா மாதிரி வந்து இறங்கினார்.

பெட்டியும் வந்தது. ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு இவர்தான் பிரித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பெட்டியின் உள்பக்கத்தை இருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு, “கடைக்காரன் கண்ணு சரியாயிருச்சாட்ட இருக்குது” என்றார். குரலில் இருந்த துக்கத்தைக் கேட்டால் கல்லும் கரைந்திருக்கும். நான் கரையவில்லை. சர்க்கரை இல்லாத பிஸ்கட் இரண்டு கொடுத்தேன்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தையல் இல்லாத சாக்ஸை இந்துஜா ஜவுளிக்கடையில் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெள்ளை. உள்ளே கைவிட்டு முழுக்கத் தடவிப் பார்த்தேன். பிறகு இவரையும் கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். கையில் இன்னும் எல்லாம் தெரிகிறதாம்.

டிசம்பர் 26

தினமும் காலையில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அடிப்பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, விரலிடுக்கு, நகம், எல்லாம். டாக்டரம்மா அந்த நைலான் இழையில் ஒரு துண்டு எனக்கும் கொடுத்திருக்கிறார்.

இன்று நானே செய்தேன். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வெயில் விழும்படி உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன்.

கட்டைவிரலில் வைத்தேன். “தெரியுதுங்களா?”

“தெரியல.”

அடுத்த விரலில் வைத்தேன்.

“தெரியல.”

நாக்கு நுனியில் ஒன்று வந்தது. நல்லதாகத்தான் வந்தது, ரோஸ்லின் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். விழுங்கிவிட்டேன். விரல்கள் இல்லாத பக்கத்துத் தையலைச் சுற்றி வைத்தேன். தெரியல. பாதத்தின் நடுவில். தெரியல. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று ஒரு கணம் காத்திருந்தார். நான் “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். நாலைந்து தடவைக்குப் பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியாகக் குதிகாலில் வைத்தேன்.

“தெரியுது” என்றார்.

நம்பினேன்.